தாடைக்கு இடுப்பெலும்பு எடுத்தவங்க யாராவது இருக்கீங்களா? 14 மாசம் ஆச்சு, தொடை இன்னும் மரத்தே கிடக்கு

மலைக்கோட்டை_பாலு (திருச்சி)

வணக்கம். ஒரு வருஷமா இங்க படிச்சுட்டு மட்டும்தான் போவேன், இன்னைக்குத்தான் எழுதுறேன்.

வயசு 34. போன வருஷம் ஏப்ரல்ல இடது கீழ்த்தாடையில அமெலோபிளாஸ்டோமாங்கிற கட்டின்னு சொல்லி ஆபரேஷன். கேன்சர் இல்ல, ஆனா சுரண்டி மட்டும் எடுத்தா திரும்ப வரும்னு சொல்லி, கட்டியைச் சுத்தி நல்ல எலும்பும் கொஞ்சம் சேத்து 5 செ.மீ. வெட்டிட்டாங்க. அந்த இடத்துக்கு வலது இடுப்புல இருந்து எலும்பு எடுத்து வச்சு டைட்டானியம் பிளேட் போட்டு முடுக்கியிருக்காங்க.

தாடை அருமையா பிடிச்சிருச்சு. தாடை முழுசும் ஒரே படத்துல தெரியுற ஓபிஜி எக்ஸ்ரே பார்த்த டாக்டர் பக்கத்து ரூம் டாக்டரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். கீழ் உதடு பாதி மரத்துப் போச்சு, காபி வழியுறது சட்டையில விழுந்த பிறகுதான் தெரியும். அது அப்படித்தான் இருக்கும்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. பழகிட்டேன்.

என் பிரச்சனை இடுப்பு. செக்கப் போனா வாயைத் திறங்கன்னு சொல்றாங்க, விரலை விட்டுப் பாக்குறாங்க, அனுப்பிடுறாங்க. இடுப்பை ஒரு தடவை கூட யாரும் தொட்டுப் பாக்கல. நானா சொன்னப்போ "போகப் போகச் சரியாயிடும் தம்பி"ன்னாங்க. எப்போன்னு சொல்லல.

வலது தொடை வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு மரத்திருக்கு. பேண்ட் பாக்கெட்ல போன் அதிர்ந்தா தெரியாது. சில நாள் அதே இடத்துல எறும்பு ஊர்ற மாதிரி, சில நாள் எரிச்சல். பெல்ட் போட்டா தழும்பு மேலயே உக்காருது. காலையில எழுந்து முதல் பத்து அடி உள்ள எதையோ இழுத்துக் கட்டின மாதிரி. பகல் பூரா ஒழுங்கா நடக்கிறேன், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல லேசா சாய்ஞ்சு நடக்கிறேன்னு வீட்டுக்காரி சொல்றா. பழைய பைக், உதைச்சுதான் ஸ்டார்ட் பண்ணணும். இப்ப தள்ளி ஸ்டார்ட் பண்றேன்.

இது போகுமா? போகாதுன்னா அதையாவது சொல்லுங்க, மனசைத் தேத்திக்கிறேன்.

---

நெல்லை_செல்வி

தம்பி, எனக்கு ஆறு வருஷம் ஆச்சு. அதே கட்டி, அதே இடுப்பு. உங்க பதிவைப் படிச்சதும் யாரோ என் டைரியை எடுத்து எழுதின மாதிரி இருந்துச்சு.

மரத்தது எனக்கு முதல் வருஷம் அப்படியே கெடந்துச்சு. ரெண்டாவது வருஷம்தான் எறும்பு ஊர ஆரம்பிச்சுது. நான் பயந்து போயிட்டேன், ஆனா எனக்கு அது நல்ல சகுனம்தான். உள்ளங்கை அளவு இருந்தது சுருங்கிச் சுருங்கி இப்ப பத்து ரூவா காசு அளவுக்கு நிக்குது. அது இனி போகாதுன்னு நெனைக்கேன். தொந்தரவும் இல்ல.

பொம்பளைங்களுக்கு ஒரு விஷயம் யாரும் சொல்ல மாட்டாங்க, நான் சொல்லுதேன். உள்பாவாடை நாடா! எலும்பு எடுத்த இடம் இருக்குல்ல, சரியா அந்த மேட்டுலதான் நாடா உக்காரும். ஆஸ்பத்திரியில எனக்கு வெட்டினது ஆம்பளை டாக்டர்மார், அவங்களுக்கு நாடாவைப் பத்தி என்ன தெரியும். மூணு மாசம் நைட்டியிலயே ஓட்டினேன். அப்புறம் நாடாவுக்குப் பதிலா அகலமான எலாஸ்டிக் வச்சுத் தச்சு, தொப்புளுக்கு மேல ஏத்திக் கட்டினேன். சுடிதாருக்கும் அதே கதைதான்.

இன்னொண்ணு. எனக்கு அப்போ சின்னவனுக்கு ஒண்ணேகால் வயசு. புள்ளையை எந்தப் பக்கம் தூக்கி வச்சுக்கிடுவோம்? இடது இடுப்புல. எலும்பு எடுத்ததும் இடது. அவன் வந்து சேலையைப் புடிச்சு இழுப்பான், தூக்க முடியாது. தாடை வலிச்சு அழுததை விட அதுக்குத்தான் நான் அதிகம் அழுதிருக்கேன். வலதுல தூக்கிப் பழகுறதுக்குள்ள அவன் நடந்துட்டான்.

இடுப்புல ஒரு பள்ளம் இருக்கும், கையை வச்சா தெரியும். எனக்கு அது நிரம்பல. உங்களுக்கும் இருக்கா?

---

வெங்காயச்சாம்பார்

இடையில புகுந்ததுக்கு மன்னிக்கவும். எங்க அப்பாவுக்கு இதே ஆபரேஷன் ஆனப்போ "இடுப்புல ஆபரேஷன்"னு சொந்தக்காரங்ககிட்ட சொல்லிட்டேன். பாதிப் பேர் மூட்டு மாத்தியாச்சுன்னு நெனச்சாங்க, மீதிப் பேர் முதுகுத்தண்டு டிஸ்க்னு நெனச்சாங்க. ஒரு சித்தப்பா குடலிறக்கத்துக்கு வைத்தியம் சொன்னார். தமிழ்ல இடுப்புன்னா விலாவுக்குக் கீழ தொடைக்கு மேல எல்லாமே இடுப்புதான்! டாக்டர்கிட்ட போன்ல பேசும்போதும் இந்தக் குழப்பம் வரும். "பெல்ட் உக்கார்ற மேட்டெலும்பு"ன்னு சொல்லுங்க, உடனே புரிஞ்சுக்குவாங்க.

---

பிசியோ_தென்காசி

பாலு, நீங்க சொன்னதுல ரெண்டு தனித்தனிப் பிரச்சனை இருக்கு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காதீங்க.

மரத்துப் போனது நரம்பு. இடுப்பு மேட்டெலும்போட முன் முனைக்குப் பக்கத்துல ஒரு நரம்பு தொடைக்கு இறங்குது. தொடையோட வெளிப்பக்கத் தோலுக்கு உணர்ச்சி குடுக்கிறது மட்டும்தான் அதோட வேலை, எந்தத் தசையையும் அது இயக்குறதில்ல. அதனால மரத்திருக்குன்னு கால் பலம் குறையாது. பொதுவா அது முனைக்கு உள்பக்கமா போகும், சிலருக்கு மேட்டு மேலயே ஏறிப் போகும். அதுக்காகத்தான் முனையை விட்டுக் கொஞ்சம் பின்னால தள்ளிக் கீறுவாங்க. வெட்டுப்படாம, இழுபட்டு நசுங்கினது மட்டும்னா மெதுவா மீளும். நரம்பு வளர்ற வேகம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மி.மீ. அதுவும் எல்லாம் ஒழுங்கா நடந்தா.

சாயங்காலம் சாய்ஞ்சு நடக்கிறது தசை. எலும்பை வெளிப்பக்கமா எடுத்திருந்தா, அங்க ஒட்டியிருக்கிற பிட்டத் தசையை உரிச்சுட்டுத்தான் எடுத்திருப்பாங்க. ஒத்தக்கால்ல நிக்கும்போது இடுப்பைக் கீழ விழாம பிடிக்கிறதே அந்தத் தசைதான். அது பலம் குறைஞ்சா காலையில சமாளிக்கும், சாயங்காலம் களைச்சுப் போய்க் காட்டிக் கொடுத்துடும்.

இப்பவே கண்ணாடி முன்னால நில்லுங்க. வலது காலை ஊனி இடது காலைத் தூக்குங்க. இடது பக்க இடுப்பு கீழ இறங்குதா, இல்ல உடம்பு வலப்பக்கம் சாயுதா பாருங்க. அப்படி ஆச்சுன்னா அந்தத் தசைக்குப் பயிற்சி இன்னும் பாக்கி இருக்குன்னு அர்த்தம். வாசல் நிலையைப் பிடிச்சுக்கிட்டே செய்யுங்க, விழுந்து வைக்காதீங்க.

பயிற்சி பெரிசா ஒண்ணுமில்ல. இடப்பக்கம் ஒருக்களிச்சுப் படுத்து, மேல இருக்கிற வலது காலை முட்டி மடக்காம கொஞ்சம் பின்னால தள்ளி மேல தூக்கணும். முன்னால தூக்கினா வேற தசை வேலை செஞ்சு ஏமாத்திடும். எண்ணிக்கையை விட மெதுவா இறக்குறதுதான் முக்கியம். அப்புறம் ஒரு படி மட்டும் ஏறி இறங்குறது. தழும்பு மேல ரெண்டு விரலை வச்சு, தோலைத் தேய்க்காம தோலோட சேத்து அடியில இருக்கிறதை நகர்த்துற மாதிரி தினம் அஞ்சு நிமிஷம். தழும்பு அடியில ஒட்டிக்கிட்டா காலையில அந்த "இழுத்துக் கட்டின" உணர்வு வரும். எரிச்சல் வர்ற இடத்துல முதல்ல பஞ்சு, பழகினதும் துணி, அப்புறம் சொரசொரப்பான துண்டு, இப்படி ஒத்தி ஒத்திப் பழக்குங்க.

வெளிய தூரமா நடக்கிற அன்னிக்குக் கம்பு வச்சுக்கிறதா இருந்தா இடது கையில பிடிங்க. வலது இடுப்புக்கு வலது கையில கம்பு பிடிக்கிறவங்கதான் அதிகம், அது தப்பு.

---

கொல்லிமலை_பெரியவர்

தம்பி, இதுக்கு இவ்வளவு சாஸ்திரம் வேண்டாம். பிண்டத் தைலம் காய்ச்சித் தடவி, மேல வெந்நீர்ப் பையை வச்சு ஒரு மண்டலம் ஒத்தடம் குடுங்க. மரத்தது எல்லாம் எழுந்துடும். எங்க காலத்துல பிசியோவா இருந்தாங்க?

---

நெல்லை_செல்வி

ஐயா, கோவிச்சுக்காதீங்க. வெந்நீர்ப் பை மட்டும் வேண்டாம். நான் வச்சேன், அனுபவப்பட்டுச் சொல்லுதேன். மரத்த இடத்துல சூடு தெரியாது. இதமா இருக்குன்னு அசந்து தூங்கிட்டேன். காலையில பாத்தா தொடையில பப்படம் மாதிரி கொப்புளம். ஆற ஒரு மாசம் ஆச்சு, அடையாளம் இன்னும் இருக்கு. தைலம் தடவுறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல.

---

வாய்முக_சர்ஜன்

இழை முழுவதும் படித்தேன். பாலு, உங்கள் டாக்டர்கள் இடுப்பைக் கேட்காமல் விட்டது தவறுதான். எங்கள் தொழிலில் இது பழைய வியாதி. எக்ஸ்ரேயில் ஒட்டு நன்றாகத் தெரிந்தால் எங்களுக்கு உலகமே அழகாகிவிடும்.

முதலில் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் குறிப்பின் நகல் வாங்குங்கள். மேட்டெலும்பின் உள்பக்கமிருந்து எடுத்தார்களா, வெளிப்பக்கமா, இரண்டு சுவரையும் சேர்த்து ஒரே துண்டாக எடுத்தார்களா என்று அதில் இருக்கும். உள்பக்கமிருந்து எடுத்தால் நடைத் தொந்தரவு குறைவு, ஏனென்றால் பிட்டத் தசையைத் தொட வேண்டியதில்லை. நடுவில் இருக்கும் பஞ்செலும்பை மட்டும் சுரண்டி எடுத்தால் குழி ஓரளவு நிரம்பும். முழுக் கனத்தில் ஒரே துண்டாக எடுத்திருந்தால் பழைய வடிவம் திரும்புவதில்லை. செல்வி சொல்லும் பள்ளம் அதுதான், ஆபத்தில்லை. முதுகுப் பக்கமிருந்தும் எடுக்கலாம். அங்கே பஞ்செலும்பு ஏறக்குறைய இரு மடங்கு கிடைக்கும், நடையும் அவ்வளவு கெடாது. ஆனால் நடுவில் நோயாளியைக் குப்புறத் திருப்ப வேண்டும். இரண்டு டீம் ஒரே நேரத்தில் வேலை செய்ய முடியாது. அதனால்தான் பெரும்பாலும் முன்பக்கம்.

14 மாதத்தில் மிச்சமிருக்கும் மரப்பு இன்னும் குறையலாம், ஒரு பகுதி நின்றும் விடலாம். எந்தச் சதவீதமும் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். எரிச்சல் தூக்கத்தைக் கெடுத்தால் நரம்பு வலிக்கென்றே மாத்திரைகள் உண்டு. டாக்டர் எழுதித் தரட்டும், மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். சாதாரண வலி மாத்திரைக்கு அந்த எரிச்சல் பெரும்பாலும் அசையாது.

காத்திருக்கக் கூடாத விஷயங்களும் உண்டு. இருமும்போது அந்த இடம் புடைத்தால் தள்ளிப்போடாதீர்கள், வயிற்றுச் சுவர் பலவீனமாகிக் குடல் பிதுங்குவதாக இருக்கலாம். தழும்பு சிவந்து சூடாகி நீர் கசிந்தால் உடனே போங்கள். ஆபரேஷனான முதல் சில வாரங்களில் எழுந்திருக்கும்போது "டக்"கென்று ஏதோ விட்ட மாதிரி வலித்தால், மேட்டெலும்பின் முனை உடைந்திருக்கலாம். எடுத்த இடம் முனைக்கு மிக அருகில் இருந்தால் மிச்சமுள்ள எலும்பைத் தொடைத் தசை இழுத்துப் பெயர்த்துவிடும். பாலு அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார், புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

தாடைப் பக்கம் செக்கப்பை விட்டுவிடாதீர்கள். அமெலோபிளாஸ்டோமா பத்து வருடம் கழித்தும் எட்டிப் பார்க்கும் ஜாதி.

---

சாரம்_முருகன் (சேலம்)

சார் நான் பெயிண்டருங்க. எனக்கு வலது தாடையில 7 செ.மீ. எடுக்கணும்னு சொல்லியிருக்காங்க. இடுப்பெலும்பா கால் எலும்பான்னு இன்னும் முடிவு பண்ணல, உங்க வேலை என்னன்னு கேட்டாங்க. சாரம் ஏறணும், ஏணியில ஒத்தக்கால்ல நின்னு எட்டணும். எது எடுத்தா பொழப்பு கெடாது? இதைப் படிச்சப்புறம் இடுப்புன்னா பயமா இருக்குங்க.

---

கோவை_கண்ணாடி

முருகன் அண்ணா, எனக்குக் கால் எலும்பு எடுத்தது. முழங்காலுக்குக் கீழ வெளிப்பக்கம் இருக்கிற மெல்லிசு எலும்பு. மூணு வருஷம் ஆச்சு. நடக்கிறேன், பஸ் ஏறுறேன். ஆனா கணுக்கால் விறைப்பா இருக்கு, கட்டை விரலை முழுசா மடக்க முடியல. செருப்புப் போட்டா பின்னாடி கழண்டு கழண்டு போகும், வார் வச்ச செருப்புதான். ஏணிப்படியில விரலை வச்சு அழுத்திப் பிடிக்கிறதுக்கு அந்தக் கட்டை விரல் வேணும், யோசிச்சுக்கோங்க. எதை எடுத்தாலும் ஒரு இடத்துல கடன் நிக்கும்.

---

வாய்முக_சர்ஜன்

முருகன், இதை இழையில் வைத்து முடிவு செய்ய முடியாது. ஆனால் என்ன கேட்க வேண்டும் என்று சொல்கிறேன்.

ஏறக்குறைய 6 செ.மீ. வரை ரத்தக்குழாய் இல்லாமல் வெறும் எலும்பை வைத்தாலும் பிடிக்கும் என்பது பொதுக் கணக்கு. பாலுவுக்கு அப்படித்தான் செய்திருப்பார்கள். அதற்கு மேல் போனால் ரத்தக்குழாயோடு எடுத்துக் கழுத்துக் குழாயில் தைப்பதுதான் நம்பகம். இடுப்பிலிருந்து அப்படி எடுக்கும் முறையை ஆஸ்திரேலிய சர்ஜன் இயன் டெய்லர் 1979-இல் எழுதினார். கால் எலும்பைக் கீழ்த்தாடைக்குக் கொண்டுவந்தவர் நியூயார்க்கின் ஹிடால்கோ, 1989-இல். கால் எலும்பு நீளம் தரும், 20 செ.மீ.க்கு மேலும் எடுக்கலாம், ஆனால் உயரம் குறைவு. இடுப்பெலும்பு நீளத்தில் குறைந்தாலும் உயரத்தில் தாடைக்கு நிகர், பிற்பாடு செயற்கைப் பல் (இம்பிளாண்ட்) பதிக்க வசதி. குழாயோடு இடுப்பெலும்பு எடுத்தால் வயிற்றுத் தசையையும் வெட்டித் தைக்க வேண்டும், பாரம் தூக்கும் வேலைக்கு அதையும் கணக்கில் சேருங்கள்.

"எத்தனை மாதத்தில் ஏணி ஏறலாம்" என்று நேராகக் கேளுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள். பீடி இருந்தால் இன்றோடு விடுங்கள், ஒட்டு பிடிப்பதை அது கெடுக்கும்.

---

ஜெட்லி_ஜீவா

என்னங்க ஆளாளுக்குப் பயமுறுத்துறீங்க. என் தம்பிக்கும் இடுப்பெலும்பு எடுத்துத் தாடையில வச்சாங்க. ஒரு மாசத்துல கபடி ஆடினான். எல்லாம் மனசுதான் காரணம். சும்மா அதையே நெனச்சுக்கிட்டு இருந்தா வலிக்கத்தான் செய்யும்.

---

நெல்லை_செல்வி

உங்க தம்பிக்கு வச்சது எவ்வளவு எலும்புன்னு கேட்டீங்களா?

---

ஜெட்லி_ஜீவா

கேட்டேன். பல் வேருக்கு அடியில நீர்க்கட்டி, அந்தக் குழியை அடைக்க ரெண்டு ஸ்பூன் அளவு சுரண்டி எடுத்தாங்களாம். பிளேட் எதுவும் இல்ல. சரி, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன் 🙏 கபடி ஆடினதுக்கு டாக்டர்கிட்ட திட்டு வாங்கினானாம், அதையும் இப்பத்தான் சொல்றான்.

---

கொக்குவில்_அம்மா (யாழ்ப்பாணம்)

என்ரை மகனுக்கு இப்ப 12 வயது. பிறக்கேக்கையே உதடும் அண்ணமும் பிளவு. வேட்டைப்பல் முளைக்க முன்னம் செய்ய வேணும் எண்டு சொல்லி, பத்து வயதில இடுப்பில எலும்பு எடுத்து பல்லு முளைக்கிற முரசுக்குள்ள வைச்சவை. ரெண்டு கிழமை நொண்டிக்கொண்டு திரிஞ்சவன், நாலாம் கிழமை பள்ளிக்கூடம் போகச் சைக்கிளைக் கேட்டவன். பெரிய ஆக்கள் இவ்வளவு காலம் கஷ்டப்படுறதை வாசிக்கப் பாவமாக் கிடக்கு. எனக்கு ஒரு பயம் மட்டும்தான். வளர்ற பிள்ளை எல்லோ, எலும்பு எடுத்த பக்கம் இடுப்பு வளராமல் போயிடுமோ?

---

வாய்முக_சர்ஜன்

அம்மா, அந்த வயதில் மேட்டெலும்பின் உச்சியில் குருத்தெலும்பு ஒரு தொப்பி மாதிரி இருக்கும். வளர்ச்சி நடப்பது அங்கேதான். அதைக் கெடுக்காமல் விலக்கி, அடியில் இருக்கும் பஞ்செலும்பை எடுத்துவிட்டு மறுபடி மூடிவிடுவார்கள். நாலாம் வாரமே சைக்கிள் கேட்டிருக்கிறான், பயப்படாதீர்கள்.

---

மலைக்கோட்டை_பாலு

ஆறு வாரம் கழிச்சு வந்திருக்கேன். எல்லாருக்கும் நன்றி.

ஆபரேஷன் குறிப்பு வாங்க மூணு தடவை அலைஞ்சேன். "வெளிச்சுவரும் நடு எலும்பும்"னு எழுதியிருக்கு. தென்காசி சார் பார்க்காமலே சொன்னது சரி. கண்ணாடி முன்னால ஒத்தக்கால்ல நின்னேன், இடது இடுப்பு கதவு கீல் கழண்ட மாதிரி இறங்குச்சு. வீட்டுக்காரி பின்னாடி நின்னு "இதைத்தான் ஒரு வருஷமா சொல்றேன்"னா.

பக்கத்துல ஒரு பிசியோகிட்ட போறேன். முதல் வாரம் காலை எட்டுத் தடவை தூக்குறதுக்குள்ள நடுங்கிடுச்சு, இப்ப இருபது. சாயங்காலச் சாய்வு இன்னும் இருக்கு, ஆனா ஆறு மணிக்கு வந்தது இப்ப எட்டு மணிக்கு வருது. காலையில இழுக்கிறது பாதி குறைஞ்சிருச்சு, அது தழும்பைத் தேய்ச்சதாலன்னு நெனைக்கிறேன்.

மரத்தது மட்டும் அப்படியேதான். பேனாவால சுத்தி வரைஞ்சு போட்டோ எடுத்து வச்சிருக்கேன், மூணு மாசத்துக்கு ஒரு தடவை வரைஞ்சு பாக்கலாம்னு. செல்வி அக்கா, பள்ளம் எனக்கும் இருக்கு. பெல்ட்டை விட்டுட்டேன், டெய்லர்கிட்ட குடுத்துப் பேண்டுக்கெல்லாம் எலாஸ்டிக் வச்சாச்சு. பாத்தா ஸ்கூல் பையன் டவுசர் மாதிரி இருக்கு, போகட்டும். பைக்கை வித்துட்டு செல்ஃப் ஸ்டார்ட் வண்டி ஒண்ணு பாத்துட்டு இருக்கேன்.

---

சாரம்_முருகன்

எனக்கு வியாழக்கிழமைங்க. இடுப்புதான்னு முடிவாயிடுச்சு, குழாயோட எடுக்குறாங்க. பல் வைக்க அதுதான் நல்லதுன்னாங்க. ஏணி பத்திக் கேட்டேன், ஆறு மாசம் பேசவே கூடாதுன்னாங்க. மச்சான் தரையில நின்னு அடிக்கிற வேலையா பிடிச்சுத் தரேன்னிருக்கான். பீடியை விட்டு 23 நாள் ஆச்சு. ஆஸ்பத்திரிக்கு லுங்கி கொண்டு போறதா, பேண்ட்டா?

---

மலைக்கோட்டை_பாலு

லுங்கிதான் அண்ணா. எந்தப் பக்கம் எடுக்குறாங்கன்னு முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க, முடிச்சை மறுபக்கம் போடணும்.